எட்டு மணிப் படகு

தீவுக்கும் அக்கரைக்கும் நடுவே ஓடுகிற ஒரே படகை ஓட்டுகிறவரின் மகளுக்குப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர். வீட்டிலும் தெருவிலும் அவள் 'சைரன்'தான். படகின் ஊதல் துருப்பிடித்துப் போன வருஷம், அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அவள் போட்ட சத்தத்தில் தபால்காரர் கையிலிருந்த டீயைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். அதற்கப்புறம் புது ஊதல் வேண்டுமென்று படகு ஆபீசுக்கு யாரும் எழுதிப்போடவில்லை.

அப்பா நல்ல படகோட்டி. காற்று திரும்பப் போவது காற்றுக்கே தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அவரிடம் இருந்தது ஒரே கோளாறு: யாரையும் விட்டுவிட்டுப் போக மனசு வராது. தீவில் இருப்பதும் ஒரே சாலை. மேட்டிலிருந்து வளைந்து வளைந்து துறைக்கு இறங்கும். சுக்கான் அறை ஜன்னலில் நின்றால் அது முழுக்கத் தெரியும். அதுதான் வினை. எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்ப்பார். மேட்டில் ஒரு குடை தெரியும். நர்ஸம்மா குடை மாதிரி இருக்கிறதே என்று மறுபடி மாட்டிவிடுவார். நர்ஸம்மா ஏறுகிற நேரத்துக்கு அவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் கூடையோடு ஓடி வருவது தெரியும். இப்படியே எட்டு மணிப் படகு எட்டு இருபதுக்குத்தான் கிளம்பும். அது ஊருக்கே தெரியுமாகையால் எட்டடித்த பிறகுதான் சட்டையைத் தேடுவார்கள். அவர்கள் வராததால் இவர் நின்றாரா, இவர் நிற்பதால் அவர்கள் வரவில்லையா என்பதைப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. படகில் டிக்கெட் கிழிக்கிற அம்மா பொறுத்துப் பார்த்து, அந்த ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துக் கொடுத்தாள். அப்பா அதை என்ஜின் துடைக்க வைத்துக்கொண்டார்.

அக்கரையில் ரயிலைத் தவறவிட்ட யாரோ ஒருவர் புகார் எழுதிவிட, ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதிகாரி ஒருவர் நேரில் வந்து படகில் உட்கார்ந்து பார்ப்பார். அன்று ஒரு நிமிஷம் பிந்தினாலும் அப்பாவை அக்கரைக்கு மாற்றிப் பார்சல் பிரிவில் உட்கார வைப்பார்கள். குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. 'எவருக்காகவும் காத்திருத்தல் கூடாது' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள்.

சைரன் அந்தக் குவார்ட்டர்ஸைப் பார்த்திருக்கிறாள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல், அதற்குள் ஒரு மாமா முகம் முழுக்க நுரையோடு நின்றார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அவள் போயிருந்த வீட்டுப் பையன் குழாயைத் திறந்து காட்டினான். 

அதிகாரி முதல்நாள் மாலைப் படகில் வந்து டீக்கடை மாடி அறையில் தங்கினார். அவர் படியேறுவதற்குள் சைரன் தெருவில் இறங்கிவிட்டாள். நாளைக்கு எட்டு என்றால் எட்டுதான் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒருத்தரும் நம்புகிற வழியாக இல்லை.

"உங்கப்பா பதினாறு வருஷமா சொல்றதுதானே கண்ணு," என்றாள் தையல்கார அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சரி, வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள், தொண்டையால்தான் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். மறுநாள் ஆறரைக்கு மேட்டில் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஒன்று. ஏழே முக்காலுக்கு ஊரே படகில் இருந்தது. தபால்காரர் ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்தார். தையல்கார அக்கா ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசிகளோடு வந்துவிட்டதால் அவள் பக்கத்தில் யாரும் நெருங்கி உட்காரவில்லை. அதிகாரிக்கென்று முன்பெஞ்சைத் துடைத்து ஒரு செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார்கள்.

ஏழு ஐம்பத்தைந்து. பெஞ்சு காலியாகவே இருந்தது.

அப்போதுதான் சைரனுக்கு உறைத்தது. எல்லா வாசலிலும் கத்தியவள் டீக்கடை வாசலில் மட்டும் கத்தவில்லை. டீக்கடை அக்கா எங்கும் பயணம் போகிறவள் இல்லை. அதிகாரியோ நேரத்தைக் கண்காணிக்க வந்தவர், அவருக்கு யார் மணி சொல்வது? அக்கா சொல்லியிருக்கிறாள். எட்டு மணிப் படகுதானே, எட்டேகாலுக்கு இறங்கினால் போதும், அவசரமில்லாமல் சாப்பிடுங்கள் என்று இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறாள். இது பின்னால் தெரிந்தது.

"அவருக்காகத்தானே இவ்வளவு கூத்தும்? அவரையே விட்டுட்டுப் போனா எப்படி?" என்றாள் தையல்கார அக்கா.

"எவருக்காகவும்னு எழுதியிருக்கு. அவரும் அதுல சேர்த்திதான்," என்றார் தபால்காரர், மழிக்காத கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே.

அப்பாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. போனாலும் குற்றம், நின்றாலும் குற்றம். அம்மா டிக்கெட் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, மணி எட்டு," என்று மட்டும் சொன்னாள்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். சைரன் ஊதினாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் படகு எட்டு மணிக்குத் துறையை விட்டு நகர்ந்தது. ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

நாற்பது அடி போயிருக்கும். சாலை வளைவில் ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக ஒரு மனிதர் ஓடி வந்தார். சட்டைக் காலரில் செருகிய கைக்குட்டை காற்றில் அடித்துக்கொண்டது. அப்பா நேராகக் கடலையே பார்த்தார். காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

"திரும்பிப் பாக்காதீங்கப்பா," என்றாள் சைரன்.

"நான் எங்க பாக்கறேன்?" என்றார் அவர். அதற்குள் கை தன்பாட்டுக்கு நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்துவிட்டிருந்தது.

படகு பின்வாங்கித் துறையில் ஒட்டியதும் ஏறிக்கொண்ட அதிகாரி செய்தித்தாளின் மேல் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரமாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஒன்பது. சட்டைப்பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து முட்டியின் மேல் நீவினார். 

"எட்டு மணிக்குக் கிளம்பினீங்களா?"

"கிளம்பினேன் சார். ஆனா..." என்று அப்பா இழுத்தார்.

"கிளம்பிட்டோம் சார்," என்றாள் அம்மா. "ஊரே உக்காந்திருக்கு, கேட்டுப் பாருங்க."

ஊர் தலையாட்டியது. அதிகாரி படிவத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். 'புறப்பட்ட நேரம்' என்று ஒரே ஒரு கட்டம்தான்.

"திரும்பி வந்ததை எழுத இதுல இடம் இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எட்டு என்று எழுதினார்.

"நியாயமாப் பாத்தா சார், ரெண்டாவது தடவை கிளம்பப் போறது..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க போய் படகை எடுங்க," என்றாள் அம்மா.

அப்பா சுக்கான் அறைக்குப் போனார். அதிகாரி படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சைரன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானைப் போட்ட பிறகுதான் பலகையில் உட்கார்ந்தாள். கயிறு பாதி அவிழ்ந்த நேரத்தில் டீக்கடை அக்கா மேட்டிலிருந்து ஒரு தோல்பையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு இறங்குவது தெரிந்தது. அவள் ஓடவில்லை. இன்றைக்கென்று புதிதாக ஓட அவளுக்கு என்ன வந்தது?

அதிகாரி எழுந்து சுக்கான் அறை வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் நில்லுங்களேன். அது என் பை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தாள்.