வலக்கூண்டுக் கோழிகள்

முதலில் ஒரு திருத்தம். நான் கோழிகளுக்கு இட்லி போடவில்லை.

நம் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் யாரோ ஆரம்பித்தீர்கள்... "அக்கா ஆராய்ச்சிக் கோழிக்கே திருட்டுத்தனமா இட்லி போட்டவங்க" என்று. கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். இட்லியும் இல்லை, திருட்டும் இல்லை. நடந்தது வேறு.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு நாற்றம்.

பட்டு நூலை எடுத்த பிறகு கூட்டுக்குள் மிஞ்சும் புழுவைக் காயவைத்து அரைத்த தூள். கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதை மூட்டையாக எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். தீனியில் கருவாட்டுத் தூளுக்குப் பதில் இதைக் கலந்தால் கோழி நன்றாக வளருமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். மழை நாளில் மூட்டையைப் பிரித்தால் போதும்... என் வீட்டுக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார். எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்காதீர்கள்.

விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆய்வு ஒழுங்காக முடிந்தால் கல்லூரிப் பண்ணையில் நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பின்கட்டில் இரண்டு கம்பிக் கூண்டுகள். இரண்டிலும் ஒரே தாய் தகப்பன் வழிக் குஞ்சுகள். இடக்கூண்டுக்குப் புழுத்தூள் கலந்த தீனி, வலக்கூண்டுக்குச் சாதாரணத் தீனி.

"வம்சம் ஒண்ணு, தீனி வேற. அப்பத்தான் வித்தியாசம் தீனியாலன்னு சொல்ல முடியும். வெளியிலேர்ந்து ஒரு அரிசி கூடப் போகக் கூடாதும்மா" என்றார் பேராசிரியர்.

என் கையிலிருந்து போகவில்லை. போட்ட தீனியை மட்டுமல்ல, சிந்தியதையும் கூட்டி எடுத்து எடை போட்டவள் நான்.

இடக்கூண்டுக் கோழிகள் சுமாராக வளர்ந்தன. வலக்கூண்டுக் கோழிகளோ... கல்யாணச் சமையல்காரர்களைப் போல ஆகிவிட்டன. நடந்தால் அசைந்தன. ஒரு பெட்டை தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனமில்லாமல் அங்கேயே தூங்கிவிடும்.

பேராசிரியர் வந்து பார்த்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா... மனசு கேக்காம மிச்சம் மீதி ஏதாவது போட்டீங்களா? ஒரு இட்லி, கொஞ்சம் சோறு..."

உங்கள் இட்லி பிறந்த இடம் இதுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் மூக்குத் துண்டோடு எட்டிப் பார்த்தார்.

"சார், இவ போட்டிருந்தா அளந்து போட்டிருப்பா. எழுதியும் வெச்சிருப்பா."

எங்கள் திருமண வாழ்வில் அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் பின்கட்டில் காவல் நின்றேன். வெளியே தெருவில் தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, இழை விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி பூசிக்கொண்டிருந்தார்கள். மிச்சக் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினால் தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பது நம் தெருவின் நம்பிக்கை. ஏதாவது ஓர் உயிர் அதைக் குடிக்க வேண்டும். அதுவரை குடித்து வந்த மாட்டையோ அந்த வருடம் விற்றுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை எழுந்தது. கையில் கஞ்சிச் சொம்பு. வலக்கூண்டு மதிலை ஒட்டி இருந்தது. இடக்கூண்டு கைக்கு எட்டாது.

"ஏய் மல்லிகா! என்ன பண்ணிகினு இருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா... அந்தக் கூண்டுக்கு மட்டும் கமகமன்னு என்னமோ போடறீங்க. இதுங்க பாவம், வாயப் பாத்துகினு நிக்குதுங்க."

கமகம! அந்த நாற்றத்தை அப்படிச் சொன்ன ஒரே பெண் அவள்தான்.

பேராசிரியர் மறுபடி வந்தபோது மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவள் மாமியாரும் கூடவே வந்து நின்றார். சுத்த சைவம். கோழி வாடை பட்டாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்பவர்.

"கஞ்சியா? நானா? நான் எதுக்குங்க சார் ஊத்தப் போறேன்? எங்க வூட்ல கோழின்னாலே ஆவாது" என்றாள் மல்லிகா.

அவள் குரல் கேட்டதுதான் தாமதம்... வலக்கூண்டுக் கோழிகள் அத்தனையும் அசைந்து அசைந்து ஓடி வந்து, அவளைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றன. இடக்கூண்டில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. மாமியார் சிரிக்கவில்லை.

"நான் நம்பறேன்மா. ஆனா கோழி சாட்சி சொல்லுச்சுன்னு அறிக்கைல எழுத முடியாதே. அந்தப் பொண்ண ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டேன்.

"அய்யோ, எழுதறதெல்லாம் பேஜாருக்கா. மாமியா கண்ல பட்டா நான் காலி. அப்பறமா தரேன்."

அந்த 'அப்பறம்' வரவேயில்லை. பராமரிப்பில் குறை என்று அறிக்கை போனது. வேலை வேறொருவருக்குப் போனது. நான் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை ஆனேன். கோழியின் இரைப்பையை என் அளவுக்குக் கோபத்தோடு யாரும் கரும்பலகையில் வரைந்திருக்க மாட்டார்கள்.

இப்போது கூண்டுகள் இருந்த இடத்தில் குடித்தனக்காரர்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. கறிக்கடைக் கோழி எவ்வளவு வளரும் என்பது முட்டைக்குள் இருக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது, மீதியைத் தீனி மூட்டை பார்த்துக்கொள்கிறது. மதிலுக்கு மேல் எந்தக் கையும் எழுவதில்லை. எனக்காகப் பேச மூக்குத் துண்டோடு எட்டிப் பார்த்தவரும் இல்லை...

இருப்பது நீ ஒருத்திதான், மல்லிகா. பேரன் உனக்கு போன் பழக்கிவிட்டான், நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய். இட்லிச் செய்திக்கு முதல் மஞ்சள் முகம் போட்டது நீதான், பார்த்தேன். உன் மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிவிட்டது.

கஞ்சி ஊற்றியது யார் என்று இங்கேயே, எல்லோரும் பார்க்க, இரண்டு வரி எழுது. மஞ்சள் முகம் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பு.