சென்னாக்குன்னி போட்ட சாயுர்

அப்பா கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்டது நான் வைத்த சாயுர் அசம். இந்தோனேசியாக்காரர்கள் வைக்கும் காய்கறிச் சூப்பு அது. புளிப்பும் காரமுமாக, ரசம் போலத் தண்ணியாக இருக்கும். முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் அது கொதித்திருக்காது.

அப்பா வெல்டர். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒன்பது வருஷம் இந்தோனேசியாவில், பாத்தாம் தீவில், ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அந்தப் படிப்பு அவர் அங்கே குடித்த புகையில் வந்தது. அவர் நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது, மருத்துவமனைக் காகிதங்களைப் படித்து வீட்டில் சொல்கிற வேலை தானாக எனக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அவருக்கு நாக்கு செத்துப்போனது. எதை வாயில் வைத்தாலும் துருவைத் தின்பது மாதிரி இருக்கிறது என்றார். இட்லியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், பிறகு தட்டிலேயே போட்டுவிடுவார். எடை நாற்பத்து மூன்றரைக்கு இறங்கிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாற்பத்து மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான் என்றார். "அவர் எதைக் கேக்கறாரோ அதைக் குடுங்க. அடுத்த புதன்கிழமை எடை பார்ப்போம்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அதையெல்லாம் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "நைனா, வாய்க்கு இன்னா வோணும்? சொல்லு, நானே செஞ்சித் தரேன்."

"நீயா? சுடுதண்ணிய அடிப்புடிக்க வுட்றவனாச்சே நீ."

"கிண்டல் அப்பறம் பண்ணு. இன்னா வோணும்?"

"பாத்தாம் கேம்ப்புல சமைக்கிற அம்மா ஒரு சாயுர் வெக்கும். சோளத்த சக்கையோட நறுக்கிப் போட்டு, வேர்க்கல்ல, சவ்சவ், காராமணிக்கா... அத்தக் குடிச்சா மூக்கு ஒழுவும். அப்பதான் அன்னிக்கி முழுங்கின பொகை கீழ எறங்கின மாதிரி இருக்கும்."

செல்போனில் செய்முறை தேடினேன். எல்லாம் ஆவடி மார்க்கெட்டில் கிடைக்கிறதுதான். அவர்கள் போடும் இஞ்சி மாதிரிக் கிழங்குக்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். மிளகாயோடு சேர்த்து அரைக்கிற இறால் விழுது.

காரணம் அம்மாவின் வேண்டுதல். அப்பாவின் வைத்தியம் முடிகிறவரை இந்த வீட்டில் கவிச்சி அடுப்பேறாது என்று அம்மனிடம் சொல்லி, மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். முட்டைகூட வீட்டுக்குள் வரவில்லை.

வியாழக்கிழமை நான் வைத்ததை அப்பா ஒரு வாய் குடித்தார்.

"இன்னாடா இது, பருப்பு கோவிச்சிக்கினு போன சாம்பாரா?"

நான் சிரித்தேன். அவர் இன்னொரு வாய் குடித்தார். "எறா போடல இல்ல?" என்று கேட்டுவிட்டு, வாசற்படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். "பரவால்ல, நல்லாதான் கீது," என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

அவர் குளிக்கப் போனபோது அம்மாவிடம் எடைக் கணக்கைச் சொன்னேன். புதன்கிழமையைச் சொன்னேன். காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டவும் செய்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும்.

"உன் டாக்டரு ஒரு பக்கம் பாக்கட்டும். நான் ஒரு பக்கம் பாத்துக்கினு கீறேன். ஆத்தாவாண்ட வாய் குடுத்துட்டேன். அவரு உசுரு விசயம்டா."

"அத்தான்மா நானும் சொல்றேன்."

"இல்ல. நீ வேற சொல்ற."

சனிக்கிழமை சென்னாக்குன்னி வாங்கினேன். நகக்கண் அளவுக்குக் காய்ந்து கிடக்கும் பொடி இறால் அது. வீட்டில் வறுக்க முடியாது. கூட வேலை செய்கிற நண்பன் கொரட்டூரில் தங்கியிருந்த அறைக்கு எடுத்துப்போய் வறுத்தேன்.

"மாமே, ரூமே காசிமேட்டு மீன் மார்க்கெட் ஆயிடுச்சிடா. ஓனர் சுத்த சைவம். மேல வந்தாருன்னா என்னையும் சேத்து வறுத்துடுவாரு," என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டான். மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், சித்தரத்தையோடு அவன் மிக்சியிலேயே அரைத்து, டிபன் பாக்சில் அடைத்து, இரண்டு கவரில் சுற்றி எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைக்கப்போகிறேன் என்றதும் அம்மா காய் நறுக்க உட்கார்ந்தாள். தனக்கு என்மேல் கோபமில்லை என்று காட்டிக்கொள்ள விரும்பினாள் போல. வேர்க்கடலை வெந்தது. சோளம் போட்டேன். "காராமணிய கடசியா போடு, கொழஞ்சிடும்," என்றாள். புளியைக் கரைத்துக் கொடுத்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் டிபன் பாக்சைத் திறந்து விழுதைக் கொதியில் போட்டேன்.

மூடி போட்டும் பயனில்லை. வாசனை ஒரு நிமிஷத்தில் வீடு முழுக்கப் பரவிவிட்டது. உள்ளே கட்டிலில் அப்பா எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

அம்மா இடுப்பில் குடத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"ஆமா."

அப்பா குடித்தார். மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே குடித்தார். சோளச் சக்கையை உறிஞ்சினார். முடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். நான் கரண்டியை எடுத்தேன். அம்மா குடத்தை வெளியிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, இரண்டாவது கிண்ணத்தை அவளே ஊற்றினாள். பிறகு பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு சாமி படத்துக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

திங்களும் செவ்வாயும் அதையே வைத்தேன். சோறும் பிசைந்து சாப்பிட்டார். புதன்கிழமை எடை நாற்பத்து மூன்று கிலோ நானூறு கிராம் காட்டியது. நாற்பத்து மூன்றுக்குக் கீழே போகவில்லை. நர்ஸ் அதை எழுதிக்கொண்டபோது, ரிசல்ட் பலகையில் என் நம்பரைக் கண்டது போல இருந்தது. அப்பாவும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். மருந்து ஏறியது.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுவே இல்லை என்றார்கள். மூன்று நாள் இருந்தார்.

கடைசிக் காகிதத்தையும் நான்தான் படித்தேன். சில உடம்பில் அந்த மருந்து அப்படிச் செய்யும். டாக்டர் மறைக்காமல் சொன்னார். மருந்தை நிறுத்தியிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் கட்டிலோடு இருந்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. அது நானாகப் போட்ட கணக்கு.

காரியத்துக்கு வந்திருந்த அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருக்கிறவர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னிக்கி எறா வாசன எங்க ஊட்டாண்ட வரைக்கும் வந்துச்சே. சாமி சும்மா உடுமா?"

எல்லாரும் போன பிறகு அம்மா என்னெதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ படிச்சவன். பொய் சொல்லாத. அந்த எறாவாலயா?"

"இல்லம்மா."

"அப்ப எதால?"

"மருந்து ஒத்துக்கல."

தரையைப் பார்த்தாள். விரலால் கோலம் மாதிரி எதையோ இழுத்தாள். "அந்த மருந்து ஏறணும்னுதான துன்ன வெச்சோம்?"

"ஆமா," என்றேன்.

அத்தை இப்போதும் வருகிறார். வந்தால் அந்தப் பேச்சை எடுக்காமல் போவதில்லை. மருந்தைப் பற்றி அம்மா யாரிடமும் சொல்வதில்லை. "ஆமா அண்ணி, சாமி குத்தம்தான்," என்கிறாள். என் பக்கம் திரும்பாமல் சொல்கிறாள்.