சாவான் மருந்தும் சவரக் கத்தியும்

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவனை யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை, வந்ததும் வராததுமாக எங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கே இந்த வயதில் முதுகு, தோள், முட்டி என்று சொந்தமாகச் சில இடங்கள் இருக்கின்றன. ஆகவே, மூட்டுவலிச் சொந்தங்களே, இது நம் குடும்ப விஷயம்.

மலாய் பேசும் ஊரான இந்த ஜார்ஜ் டவுனில் எங்கள் கடைக்கு அடுத்த கதவு சுப்பையாவின் முடிவெட்டும் கடை. என் முகத்தில் அவன் கத்தியைத் தவிர வேறு கத்தி பட்டதே இல்லை. அப்படிப்பட்டவனின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. கத்தியை எடுத்தால் ஆட்டம். ஒருத்தருக்கு மீசையை ஒதுக்கப் போய்ப் புருவத்தில் கொண்டுபோய் முடித்தான் என்று பேச்சு. (பேச்சைக் கிளப்பியவன் நான்தான், பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.) வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கை அடங்காவிட்டால் கடையை மூடிவிடுவேன் என்று சுப்பையா சொல்லிவிட்டான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மூக்குக்கும் பங்கு

அவன் மனைவி வள்ளி முட்டிவலி மாத்திரை வாங்க வந்தாள். "வாயில போடுற மாத்திரைக்கு முட்டி எங்க இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். நான் விடுவேனா? மாத்திரை தொண்டையில் ஏறி, வயிற்றில் பஸ் மாறி, இடுப்புச் சந்தியில் கொஞ்சம் ஜாமில் நின்று, முட்டி வந்ததும் மணியடித்து இறங்கிக்கொள்ளும் என்றேன்.

எங்கள் மருந்தாளர் மிஸ் தியோ, என் கதைகளைத் திருத்துவதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். "அங்கிள், சும்மா இருங்க லா" என்று என்னை ஓரங்கட்டிவிட்டு மலாயில் விளக்கினார். மாத்திரைக்கு விலாசம் தெரியாது. ரத்தத்தோடு உடம்பு பூராவும் சுற்றும். அடிபட்ட, வீங்கிய இடத்தில் உடம்பே ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதுதான் நரம்பை உசுப்பிவிட்டு "வலி, வலி" என்று கத்த வைப்பது. மாத்திரை அந்தப் பொருளை உண்டாகவிடாமல் தடுக்கிறது. ஆனால் வயிற்றின் உள்சுவருக்குக் காவலாக இருப்பதும் அதே பொருள்தான். அதனால் சாப்பிட்டுவிட்டே போட வேண்டும். வள்ளிக்கு வயிற்றுச் சங்கதி புரிந்தது. மற்றதில்தான் மனசு ஆறவில்லை. "முட்டிக்கு வாங்குன மருந்து மூக்குக்கும் போகுதா? நடந்து தேஞ்சது முட்டி, மூக்கு என்னண்ணே பாடுபட்டுச்சு?"

கோயோ

கோயோ என்பது வலிக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை ஒட்டித்தான் நிற்கிறார்கள். ஒருநாள் சுப்பையா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோயோ, தோலே தெரியவில்லை. நடுங்குகிற கையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் அடங்கும் என்பது அவன் வைத்தியம். நெடி தாங்காமல், கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் படுத்திருந்த பூனை எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட்டது.

மிஸ் தியோ சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துப் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தார். கை ஒரு தப்பும் செய்யவில்லை. கைக்கு உத்தரவு போடுகிற தலைக்குள்ளேதான் தகராறு, பெரியாஸ்பத்திரிக்குப் போய் மூளை நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். சுப்பையா உரித்த பட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்போ கோயோவை மண்டையில ஒட்டியிருக்கணுமாண்ணே?"

சாவான்

டாக்டர் பார்த்தார். இந்த மாதிரி நடுக்கத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது இதயத்துடிப்பை நிதானப்படுத்தும் ஒரு மாத்திரை; சுப்பையாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் அது ஆகாது என்று வேறொன்றை எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை வள்ளி செருப்பு கூடப் போடாமல் கடைக்கு ஓடி வந்தாள். கையில் அந்த மாத்திரைப் பொட்டலம். கண்ணெல்லாம் தண்ணீர். "டாக்டர் கைவிட்டுட்டாருண்ணே! பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா இதைப் பார்த்ததும் சொல்லிட்டாங்க, சாவான்னு!"

நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மிஸ் தியோதான் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். மலாயில் 'சவான்' என்றால் வலிப்பு. பக்கத்து வீட்டம்மாவின் மகனுக்கு வலிப்பு. அவன் சாப்பிடுவதும் இதே மாத்திரைதான். "இது சவான் மருந்து" என்று அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். "வலிப்பு மருந்து இவருக்கு எதுக்கு?" என்று வள்ளி விடவில்லை. மிஸ் தியோ பொறுமையாகச் சொன்னார். மூளை நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் பசார் கூட்டம் மாதிரி கத்தினால் வலிப்பு. கைக்குப் போகிற வழியில் மட்டும் சில நரம்புகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் இந்த நடுக்கம். கத்துகிற நரம்பை அடக்கிப் பேச வைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் இதே ஜாதி மருந்துகளில் சிலதைக் கொடுப்பார்கள். எப்படி அடக்குகிறது என்பது படித்தவர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாதாம். வள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்பது வருஷமாகப் பசாரில் மலாய் பேசிப் பேரம் பண்ணுகிறவள். இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். "மலாய் நல்லாத் தெரியும்ணே, பயத்துல காதுல தமிழ்தான் விழுது!"

என் கழுத்து

குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் சில நாள் சுப்பையாவுக்குத் தலை சுற்றியது, தூக்கமாக வந்தது. ஆள் வராத நாற்காலியில் அவனே சாய்ந்து குறட்டை விட்டான். நிறுத்திவிடலாமா என்று கேட்டு வந்தபோதெல்லாம் மிஸ் தியோ, "நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட பேசுங்க" என்று திருப்பி அனுப்பினார். பிறகு ஒரு காலை, கோப்பிக் கோப்பையைச் சாசரில் சத்தமில்லாமல் வைத்தான். அதைப் பார்த்துவிட்டு நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். வேறு யாரும் உட்காரத் தயாராக இல்லை. நானும் உட்காராவிட்டால் அவன் கதவைச் சாத்தியிருப்பான்.

சோப்பு நுரை பூசினான். கத்தி கன்னத்தில் இறங்கியது. நடுக்கம் அடியோடு போய்விடவில்லை, ஒரு சின்ன சிலிர்ப்பு மிச்சமிருந்தது; ஆனால் கத்தி அவன் சொல் கேட்டது. எந்த நாட்டிலோ யாரோ வலிப்புக்காகக் கண்டுபிடித்த மருந்து இந்தச் சந்துக்கு வந்து சுப்பையாவின் விரலில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கத்தி கழுத்துக்கு வந்தது. சுப்பையா கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். "என் கை நிக்குதுண்ணே, உங்க கழுத்துதான் ஆடுது. மிஸ் தியோகிட்ட சொல்லி அதுக்கும் ஒண்ணு வாங்குங்க லா!"

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதில் பாதியை மிஸ் தியோவிடம் கேட்டுக்கொண்டேன், மீதியை நானே கட்டிவிட்டேன். நன்றி மட்டும் முழுசும் நிஜம்.