மரத்தில் செய்த லாரி

அக்சிலியா நாமக்கல்லில் பரிசுப்பொருள் கடை திறந்து முப்பத்தோர் ஆண்டுகள் ஆகின்றன. எல்லோரும் கைப்பேசியிலேயே வாங்கப் பழகிய பிறகு, கல்யாணத்துக்குக் கடிகாரம் கேட்டுக்கூட யாரும் வரவில்லை. மூடிவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், திருச்செங்கோட்டு லாரிக்காரர் சின்னுசாமி பழைய புகைப்படம் ஒன்றோடு வந்தார்.

"நான் மொதமொதல்ல வாங்குன வண்டிங்க. வித்துப்போட்டனுங்க. இதே மாதிரி பொம்மை கெடைக்குங்களா?"

"பத்து நாள் கழிச்சு வாங்கண்ணா, ரெடியா இருக்கும்," என்றார் அக்சிலியா. அப்படி ஒன்றை அவர் அதுவரை செய்ததே இல்லை.

லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் ஒரு தச்சரைப் பிடித்து, படத்தைக் காட்டி மரத்தில் செய்யச் சொன்னார். வண்டி எண்ணையும் கதவிலிருந்த மயிலையும் தாமே வரைந்தார்.

சின்னுசாமி அதைக் கையில் வாங்கி இடதுபக்க பம்பரைத் தடவினார். "இந்த நசுங்கலக்கூட உட்டுப்போடலீங்களே," என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் சொல்லி மற்ற லாரிக்காரர்களும் வந்தார்கள். டேங்கர், போர்வெல் வண்டி என்று ஆளாளுக்குத் தங்கள் வண்டியைக் கேட்டார்கள். பொம்மை வண்டிகளைச் சேர்த்துவைக்கும் பிரியர்கள் பெங்களூரிலிருந்தும் தேடி வருகிறார்கள். இன்று நான்கு தச்சர்கள் அவருக்காக வேலை செய்கிறார்கள்.

சென்ற மாதம் இடைச்சுவரை இடித்துப் பக்கத்துக் கடையையும் சேர்த்துக்கொண்டார். "அதுலயும் இடம் பத்தல," என்று வருகிறவர்களிடமெல்லாம் நிறைந்த முகத்தோடு சொல்கிறார்.