கைக்கு ஒரு ரஷ்யச் சொல்

சென்னையில் ரஷ்ய மொழி முதுகலை படித்தேன். கடைசி வாய்மொழித் தேர்வை வீடியோ அழைப்பில் வைத்தார்கள், காலை பதினொரு மணிக்கு. எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டில் டவர் ஒழுங்காகக் கிடைப்பது மாடிப்படியில்தான். லேப்டாப்பை மடியில் வைத்து அங்கே உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டு மணிக்கே பட்டாசு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே வெடித்தது. படி அதிர்ந்தது. அம்மா வேலை பார்க்கும் திசையில் வெள்ளையாகப் புகை எழுந்தது. கம்பெனிக்குள் செல்போன் விடமாட்டார்கள். அவளுடைய போன் எங்கள் அடுப்படியில் கிடந்தது.

அப்பா பைக்கை எடுத்தார். "நீ அங்கன வந்து என்ன செய்யப் போற? பரீட்சைய முடி."

நான் எழுந்திருக்கவில்லை.

"ரூகா என்ற சொல் எப்படி வந்தது?" பேராசிரியர் கேட்டார்.

ரூகா என்றால் கை. ரஷ்ய மொழிக்குத் தாயான பழைய ஸ்லாவிய மொழியில் அது 'ரோங்கா'. அதன் உறவான லிதுவேனியத்தில் கை 'ரங்கா', பொறுக்கிச் சேர்ப்பது 'ரிங்க்தி'. பொறுக்கிச் சேர்ப்பதால்தான் கைக்கு அந்தப் பெயர். கைக்கு அதற்கு முன்பிருந்த இன்னும் பழைய சொல் அந்த மொழிகளில் வழக்கொழிந்து போனது. தடுமாறாமல் சொன்னேன். தெருவில் பெண்கள் கதறிக்கொண்டு ஓடினார்கள்.

போன் அடித்தது. அப்பா. "உசுரு இருக்கு. வலது கை வெந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வா."

பேராசிரியரிடம் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பை மூடினேன்.

அம்மாவுக்கு முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. விரல்கள் தப்புமா என்று மூன்று நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

"பரீட்சை முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

"சத்தம் கேட்டப்பறமும் உக்காந்திருந்தேம்மா." மறைக்க முடியவில்லை.

அவள் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள். டம்ளரை வாயருகே பிடித்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "நானா இருந்தா ஓடி வந்திருப்பேன்."

அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு ஊட்டினேன். என்னிடம் அதிகம் பேசவில்லை. நான்காம் நாள் கட்டைப் பிரித்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இனி மடங்காது, மற்றவை பிழைத்தன. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதினேன்; மீதித் தேர்வை வேறொரு நாள் வைத்தார், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே முடித்தேன். நடுவில் அம்மா வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை கேட்டாள்.

"தேறிருவியா?" என்றாள்.

தேறினேன்.