தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

கோடையில் எங்கள் எருமை பகல் முழுக்க ஏரியில்தான் கிடக்கும். சென்ற ஆண்டு கத்திரி வெயிலுக்கு முன்பே ஏரி வறண்டுவிட்டது. எருமை அப்போது எட்டு மாதச் சினை. அந்தக் கறுப்புத் தோலில் வேர்வை அதிகம் சுரக்காது. மேலே தண்ணீர் பட்டால்தான் உள்சூடு இறங்கும். அதனால் மத்தியானத்தில் என் மனைவி குடம் குடமாக அதன்மேல் ஊற்றுவாள். எங்கள் வீட்டில் அதற்குத் தண்ணி ஊத்துறது என்றுதான் பெயர்.

அன்று அவள் திருவாலங்காட்டுக்கு ஒரு சாவுக்குப் போயிருந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். திருத்தணியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"எருமைக்குத் தண்ணி ஊத்தினியாம்மா?"

"ஆங், ஊத்திட்டேன் நைனா. ரெண்டு தபா."

நிம்மதியாக வேலையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பக்கத்து வீட்டு மெக்கானிக் பாய் கூப்பிட்டார். "இன்னாங்க, உங்க எருமை நாக்கத் தள்ளிகினு கிடக்குது. பாப்பா அழுவுது. சீக்கிரம் வாங்க."

ஆட்டோவில் எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகைக்கு வந்து சேர்ந்தபோது, கொட்டகையில் எருமை வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தது. எச்சில் நூலாக ஒழுகியது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. முதுகு காய்ந்து கிடந்தது.

"மேல ஊத்தலையா?"

"தண்ணி ஊத்துறதுன்னா தொட்டியிலதான நைனா? நல்லா குடிச்சிது."

சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்திவிட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"மொதல்ல சாக்க எடுங்க. காத்தில்லாத எடத்துல அது சூட்டை உள்ளயே புடிச்சி வச்சிக்கும். காத்து உடுங்க, ஊத்திகினே இருங்க. நான் வந்துடறேன்."

எருமை எழவில்லை. சாக்கை உருவிவிட்டு, காற்று வரக் கொட்டகைத் தட்டியைப் பிய்த்தெறிந்தேன். வீட்டு மின்விசிறியைத் தூக்கி வந்தேன். பாய் தன் வீட்டிலிருந்து ஓஸ் பைப்பை இழுத்து வந்தார்.

"ஏம்மா, அவ்ளோ படிக்கிறியே, எருமையைக் குளிப்பாட்டறது மட்டும் பாடத்துல இல்லியா?"

"சும்மா இருங்க பாய்" என்றேன். மகள் நிமிரவில்லை. இரண்டு கைகளாலும் அதன் நெற்றியில் நீரை வாரி ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு மூச்சு நிதானப்பட்டது. எருமை முட்டி போட்டுத் தடுமாறி எழுந்து நின்றது. மருத்துவர் வந்து பார்த்தார். தாய் பிழைத்துக்கொள்ளும் என்றவர், கன்றைப் பற்றி உறுதி சொல்லவில்லை. "வலப் பக்கம் கை வச்சிப் பாருங்க. அசைவு தெரியணும்."

மகள் அதன் வயிற்றில் கையை வைத்தாள். எடுக்கவேயில்லை. தண்ணீர்கூடக் குடிக்க வரவில்லை. இருட்டத் தொடங்கியபோது, "நைனா, உதைக்குது" என்று சொல்லிவிட்டு விம்மி அழுதாள். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. அதன் பிறகும் அன்று என் கைக்கு எதுவும் படவில்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை.