அக்கா மெலிந்த சில மாதங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி அக்காவின் மகள் கேட்டாள். அவருக்கு அடுத்துப் பிறந்தவள் நான். தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் இப்போது அழுகை வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நானுஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுக் கொழுந்தெடுக்கப் போனார். அப்போது ஒல்லியாக இருப்பார். அவர் மலையேறும் வேகத்துக்குப் பின்னால் போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா லயத்திலேயே இருந்தார். அத்தான் நுவரெலியாச் சந்தையில் மரக்கறிக் கடை போட்டார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அத்தான் காய்ச்சலில் தவறிவிட, அக்கா அந்தக் கடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதுதான் சரியான சொல். விடியுமுன் கரட்டும் லீக்ஸும் வந்து இறங்கும். அதிலிருந்து சாயங்காலம் வரை தராசுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிமேல்தான் இருப்பார். எழுந்து போனால், வந்த ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குளிருக்குச் சீனி தூக்கலாகத் தேத்தண்ணி, பசிக்குப் பேக்கரி பணிஸ். மத்தியானச் சோற்றைச் சாயங்காலம்தான் பிரிப்பார். அந்தப் பசியில் நிறையச் சாப்பிடுவார். பக்கத்துக் கடை குசுமாவுக்கும் இதே பாடுதான். அங்கே கடை வைத்திருந்த பெண்களில் பலர் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போனார்கள்.

எங்கள் சொந்தத்துக்கு அது வருத்தமாக, ஒரு நோயாகத் தெரியவில்லை. "அக்காவுக்கு என்னா கொறை? ஆளப் பாத்தாலே தெரியுதே!" என்பார்கள். அக்காவும் சிரித்துக்கொள்வார். சின்ன வயதில் பட்டினி கிடந்தவருக்கு அந்தப் பேச்சு கசக்குமா?

முழங்கால் வீங்கி, நீரிழிவும் பிரஷரும் வந்த பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். "எடைய கொறைக்கலன்னா இருதயத்துக்கு ஆபத்தும்மா. தெனமும் நடங்க" என்றார் டாக்டரம்மா.

"கடைய யாருகிட்ட உட்டுட்டு நடக்கிறது?" என்று அக்கா கேட்டார். டாக்டரம்மா மருந்து எழுதினார்.

வழி சொன்னது குசுமாதான். "அக்கே, நீ போ. நான் பாக்குறது. வந்த பொறகு நான் போறது" என்றார் சிங்களம் கலந்த தன் தமிழில். வியாபாரம் மந்தமான மத்தியான நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் பஸ் நிலையம் வரை நடந்து திரும்பினார்கள். அக்கா தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினார். சில மாதங்களில் சட்டை தொளதொளத்தது. "இந்தா பாரு, ரெண்டு வெரல் உள்ள போகுது!" என்று சட்டைக் கையை நீட்டிக் காட்டினார். சின்னப்பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார்.

அந்த நேரத்தில் அட்டனில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒருவர், "என்னங்க, இப்புடித் தேஞ்சு போயிட்டீங்க? யாவாரம் படுத்துருச்சா?" என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, பெரிய வருத்தம், நோய்நொடி ஏதாவதா என்று விசாரித்தார். அப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ஆள் விட்டுக் கேட்டார்கள்.

மறுநாளே அக்கா தேத்தண்ணியில் சீனி போட்டார். நடப்பதும் நின்றது.

"கிளினிக் கார்டைக் காட்டி வெளக்கமாச் சொல்லிருவோங்க்கா" என்றேன்.

"கார்டக் காட்டுனா சீக்குக்காரின்னு முடிவே பண்ணிருவாங்க. புள்ள கல்யாணம் முடியட்டும். அப்புறம் கொறைச்சிக்கிறேன்."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. வந்தவர்கள் அக்காவைப் பார்த்து, "இப்பத்தான் பழைய மாதிரி இருக்கீங்க" என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. முழங்கால் விடவில்லை. லயத்துப் படிகளில் நின்று நின்று ஏறுவார். "நாளையில இருந்து நடக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போய் வந்தார்.

ஒரு மழைக்காலக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் அக்காவின் இருதயம் நின்றுவிட்டது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொன்னவர்களெல்லாம் அக்காமேல் பாசம் உள்ளவர்கள்தான், அவருக்காக அழுதவர்கள்தான். மகளிடமும் இதைப் பற்றி நான் பேசியதில்லை. அவள் இன்று அதே கடையில் இருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது, "உடம்பு போட்டிருக்கேனா சித்தி?" என்று கேட்டாள். கடையில் நான் உட்கார்ந்துகொண்டு அவளை நடக்க அனுப்பினேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், கடையை அடைத்துவிட்டு இறுதி ஊர்வலத்தில் வந்த சந்தை நண்பர்களுக்கும், எங்களோடு உட்கார்ந்து அழுத குசுமாவுக்கும் நன்றி. அந்தக் காலையில் வாகனம் லயம்வரை வர வழியில்லாமல், கம்பளியில் கம்பு கட்டி, வழுக்கும் படிகளில் அக்காவை ரோட்டுக்குச் சுமந்து இறக்கிய தோட்டத்து இளைஞர்களை மறக்க மாட்டோம். அந்த வலியிலும் அக்கா, "கனக்குதாய்யா? ரொம்பக் கனக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முன்னால் தூக்கியவன் மூச்சு வாங்க, "இல்லக்கா, நீங்க கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்றான். அந்தத் தம்பிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.